மாரடைப்பு வந்தவரிடம் தொழிலையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் இதயநலக் கட்டுரை கொழுப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகியவற்றைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால் காரீயம் (லெட்), காட்மியம், ஆர்சனிக் என்ற நச்சுப் பொருள்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இம்மூன்றும் சிறிய அளவில் நெடுநாள் உடலில் சேர்ந்தாலும் மாரடைப்பு, பக்கவாதம், கால் தமனி அடைப்பு ஆகியவற்றுக்கான ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023-இல் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது.

என் அண்ணன் முப்பது ஆண்டுகள் பழைய வண்டி பேட்டரிகளைப் பிரித்துக் காரீயத் தகடு மாற்றும் பட்டறை நடத்தியவர். பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை. 54 வயதில் அவருக்கு மாரடைப்பு வந்தபோது, மருத்துவமனையில் எத்தனையோ கேட்டார்கள், என்ன தொழில் என்று மட்டும் கேட்கவில்லை. அவர் நோய்க்குக் காரீயமே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. இரத்தத்தில் அதன் அளவையாவது பார்த்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

உடலில் சேரும் காரீயத்தின் பெரும்பகுதி எலும்பில் தங்கி, பல பத்தாண்டுகளுக்குச் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கிறது. தமனியை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடை அது குறைத்துவிடுவதால், குழாய் இறுகி அழுத்தம் ஏறுகிறது. புண்பட்ட உட்சுவரில் கொழுப்பு படிவதும் எளிதாகிறது. காட்மியமோ புகையிலைச் செடியிலேயே சேர்ந்திருப்பது; புகைப்பழக்கம் என்று நாம் குறிக்கும் காரணத்துக்குள்ளேயே இந்த உலோகமும் அடங்கியிருக்கிறது.

சிலி நாட்டின் அன்டோஃபகஸ்டா நகரில் நடந்ததைப் படித்தபின் என்னால் இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியவில்லை. 1958-இல் அந்நகருக்குப் புதிய ஆற்றுநீர் வந்தது. அதில் லிட்டருக்குச் சுமார் 860 மைக்ரோகிராம் ஆர்சனிக் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வரம்பு 10 மட்டுமே. 1970-இல் சுத்திகரிப்பு நிலையம் அமையும்வரை மக்கள் அதையே குடித்தார்கள். அக்காலத்தில் அங்கே மாரடைப்பு மரணங்கள் உயர்ந்ததை ஆய்வாளர்கள் பின்னர் இறப்புப் பதிவேடுகளிலிருந்து கண்டறிந்தனர்.

சேர்ந்த உலோகத்தை மருந்தால் வெளியேற்றிவிடலாம் என்ற நம்பிக்கையும் முழுமையாகப் பலிக்கவில்லை. மாரடைப்பு வந்த நீரிழிவு நோயாளிகளுக்கு அவ்வகை மருந்தைச் செலுத்திப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2024-இல் வெளியானது: இரத்தக் காரீயம் 61 விழுக்காடு குறைந்தும், இதயப் பாதிப்புகள் குறையவில்லை. ஆகவே 'நச்சு நீக்கம்' என்று விளம்பரப்படுத்தப்படுபவற்றை நம்பிப் பயனில்லை. உள்ளே புகாமல் தடுப்பதே வழி.

வீட்டுப் பாத்திரத்திலும் கவனம் தேவை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் (டின்) ஆனதாக இருக்க வேண்டும். ஈயம் என்ற சொல் காரீயத்தையும் குறிப்பதால், வாங்குவோர் இரண்டையும் பிரித்துக் கேட்பதில்லை.

தங்கள் இதழில் தொடர் எழுதும் மருத்துவர் அடுத்த பகுதியில், பேட்டரி, பற்றவைப்பு, பெயிண்ட் சுரண்டும் வேலைகளில் இருப்போர் எப்போது இரத்தக் காரீயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதை விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு