ஹோட்டல் மேலாண்மைப் படிப்பு: முத்திரையோடு நின்றுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹோட்டல் மேலாண்மைப் படிப்பு பற்றித் தங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரை, "அங்கீகாரம் உள்ள கல்லூரியா என்று பார்த்துச் சேருங்கள்" என்ற அறிவுரையோடு முடிந்துவிட்டது. அறிவுரை சரிதான். ஆனால் யார் கொடுத்த அங்கீகாரம், எதற்குக் கொடுத்தது, எந்த ஆண்டு வரை செல்லும் என்று கேட்கச் சொல்லித் தராவிட்டால், விளம்பரத்தில் உள்ள முத்திரைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் பெற்றோர் பணம் கட்டிவிடுவார்கள்.

பல்கலைக்கழகம் முழுவதற்குமான அங்கீகாரம் ஒன்று. விருந்தோம்பல் படிப்புக்கென்று தனியாகத் தரப்படுவது இன்னொன்று. முதலாவது இல்லையென்றால் மேற்படிப்பு, அரசு வேலை, வெளிநாட்டில் பட்டத்துக்குச் சமநிலை எல்லாமே சிக்கல்தான். அதில் பேச்சுக்கே இடமில்லை. பாடத்திட்டம், சமையற்கூடம், ஆசிரியர்களின் தொழில் அனுபவம் ஆகியவற்றைத் துறை தெரிந்தவர்கள் பார்த்தார்கள் என்பதற்குச் சாட்சி இரண்டாவது. அமெரிக்காவில் விருந்தோம்பல் படிப்புகளுக்கான ஏ.சி.பி.எச்.ஏ. ஆணையம் தரும் அங்கீகாரமும், ஐ.நா. சுற்றுலா அமைப்பு சுற்றுலாக் கல்விப் படிப்புகளுக்குத் தரும் டெட்குவால் சான்றிதழும் இந்த வகை. கல்லூரி தன்மதிப்பீட்டு அறிக்கை தர வேண்டும், மதிப்பீட்டுக் குழு வந்து பார்க்க வேண்டும், சில ஆண்டுகள் கழித்து எல்லாம் மறுபடி நடக்க வேண்டும். எனவே முத்திரையைவிட அதன் காலாவதித் தேதி முக்கியம்.

சறுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். இக்ரீ என்ற பன்னாட்டு விருந்தோம்பல் கல்வியாளர் சங்கம் போன்ற அமைப்பில் உறுப்பினராக இருப்பது அங்கீகாரம் ஆகாது. சந்தா கட்டினால் உறுப்பினர். "விண்ணப்பித்துள்ளோம்" என்பதும் ஆகாது. தலைமை வளாகத்துக்குக் கிடைத்தது கிளை வளாகத்துக்கோ ஆன்லைன் வகுப்புக்கோ தானாகச் செல்லாது. கல்லூரியின் கையேட்டை நம்பாமல், அங்கீகாரம் தரும் அமைப்பின் இணையதளத்தில் படிப்பின் முழுப் பெயரையும் வளாகத்தின் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். பட்டச் சான்றிதழில் கையெழுத்திடும் பல்கலைக்கழகம் எது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் கணக்குப் பாடத்தில் கோட்டைவிடும் படிப்புகள் உண்டு. நாப்கின் மடிப்பதிலும் காய் செதுக்குவதிலும் கை தேர்ந்த பட்டதாரிக்கு, பத்து கிலோ முழு மீனிலிருந்து எத்தனை தட்டு பரிமாறலாம் என்று சொல்லத் தெரிவதில்லை. 180 கிராம் வீதம் 55 தட்டு என்பார். தலை, முள், தோல், குடல் போனால் மிஞ்சுவது ஏறக்குறைய நாலரை கிலோ; கிடைப்பது 25 தட்டுதான். வாங்கிய எடையை வைத்து விலை போட்டால், ஒவ்வொரு தட்டிலும் மூலப்பொருள் செலவு நினைத்ததைப்போல் இரு மடங்குக்கு மேல். உணவகம் நிரம்பி வழிந்தும் மாதக் கடைசியில் நட்டம் வரும் கதையின் பாதி இங்கேதான் இருக்கிறது. சமையற்கூடத் தேர்வில் தராசு வைத்து, கழிவை எடைபோட்டு, தட்டின் அடக்கவிலையை எழுதச் சொல்கிறார்களா என்று கேளுங்கள்.

அறை விற்பனையும் அப்படித்தான். நூறு அறை கொண்ட விடுதியில், அறைக்கு 50 வீதம் 80 அறை விற்றால் வரவு 4000. 70 வீதம் 60 அறை விற்றால் 4200. இருக்கும் அறை ஒன்றுக்குச் சராசரி வருவாய், அதாவது ரெவ்பார், முதலில் 40, அடுத்ததில் 42. இருபது அறைக்கான துப்புரவு, சலவை, சோப்பு மிச்சம். ஆனால் அந்த இருபது அறை விருந்தினர்கள் உணவகத்தில் செலவழித்திருக்கக்கூடிய தொகையும் போய்விட்டது. எது லாபம் என்று இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்று மாணவருக்குப் புரிவதுதான் பாடம். 1926-ல் நியூயார்க்கில் முதலில் வெளியாகி, திருத்தப்பட்டு வரும் தங்கும் விடுதிகளுக்கான சீர்கணக்கு முறை பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். துறைவாரியாக வரவு செலவைப் பிரித்துப் பார்க்கும் அந்தப் படிவம் தெரியாதவர் மேலாளர் கூட்டத்தில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

உணவுப் பாதுகாப்பைச் செய்முறையாகக் கற்பிக்கிறார்களா என்பதற்கு எளிய சோதனை, தெர்மாமீட்டர். அமெரிக்க உணவு விதித்தொகுப்புப்படி, சமைத்த உணவு 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5-க்கு, மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள்ளும் ஆற வேண்டும். பெரிய பாத்திரத்துச் சூப்பை அப்படியே குளிர்பெட்டியில் வைத்தால் ஓரம் சில்லிடும், நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்; கிருமி பெருகுவதற்கு அதுவே போதும். ஐந்து செ.மீ. ஆழத்துக்கு மிகாமல் தட்டையான டிரேக்களில் ஊற்றுவது, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் நிறுத்திக் கிளறுவது எல்லாம் பாடநூலில் இருக்கும். செய்முறைத் தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டா, அலங்காரத்துக்கு மட்டுமா?

இனி இன்டர்ன்ஷிப். முத்திரைகள் அதிகம் மறைப்பது இதைத்தான். ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், சமையற்கூடம், உணவுப் பரிமாறல் என நான்கு துறைகளிலும் சில வாரங்கள் என்று தாளில் இருக்கும். போய்ச் சேர்ந்ததும் கல்யாண சீசன், ஆள் பற்றாக்குறை. டிரெய்னிகள் அத்தனை பேரும் பேங்க்வெட்டுக்கு, அதாவது விருந்துக் கூடத்துக்கு, போவார்கள், தட்டு எடுப்பார்கள், நாற்காலிக்கு உறை மாட்டுவார்கள், பயிற்சிக்காலம் முடியும்வரை அதையே செய்வார்கள். விடுதியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சம்பளம் குறைவான ஆள் கையில் கிடைத்தால் எந்தத் துறைத்தலைவரும் விடமாட்டார். கேட்பதற்குக் கல்லூரி தரப்பில் ஆள் வருவதில்லை, அவ்வளவுதான்.

இதற்கு வழி மாணவர், கல்லூரி, விடுதி மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். எந்தத் துறையில் எத்தனை வாரம், வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை மணி நேரம், இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப வாகனம் உண்டா, கொதிக்கும் எண்ணெய் பட்டால் காப்பீடு யாருடையது, எல்லாம் அதில் வர வேண்டும். மாணவர் தினமும் பயிற்சியைக் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தில் "இன்று காலை உணவு ஷிப்ட்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குவது வீண். எத்தனை அறை தயார் செய்தார், எங்கே தாமதமானது, ஏன் என்று எழுத வேண்டும். குறைந்தது ஒரு வாரம் நைட் ஆடிட்டில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். அன்றைய அறை வாடகை, உணவக பில், முன்பணம், கார்டு வரவு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று இரவில் சரிபார்ப்பவருக்குப் பக்கத்தில் இருந்தால் விடுதி முழுவதும் ஒரே மேஜையில் தெரியும். விடுதிகள் டிரெய்னிகளை அங்கே அனுப்பத் தயங்கும். பணம் புழங்கும் இடம் என்பதால் தயக்கம் நியாயமே. பார்க்க மட்டும் அனுமதி என்று கல்லூரி பேசி வாங்கலாம்.

சேரும் முன் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரின் லாக் புத்தகத்தைக் காட்டச் சொன்னாலே பாதி உண்மை வெளிவந்துவிடும். காட்ட மறுத்தால் மீதியும் தெரிந்துவிடும்.

தங்கள் இணைப்பில் அடுத்த முறை கல்லூரிப் பட்டியல் வெளியிடும்போது, கட்டண விவரத்துக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்: படிப்புக்கான அங்கீகாரம் எந்த அமைப்புடையது, எந்த ஆண்டு முடிகிறது, கடைசியாக வெளியேறிய மாணவர்கள் இன்டர்ன்ஷிப்பில் எந்தெந்தத் துறையில் எத்தனை வாரம் இருந்தார்கள். விவரம் தராத கல்லூரியின் பெயருக்கு நேரே அந்தக் கட்டங்களை வெறுமையாகவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஹோட்டல் மேலாண்மைத் துறை ஆசிரியர்கள் சிலர்