பிசாசுக் கதைக்கு முன்னால் படிக்க வேண்டியவை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ப்ளூஸ் இசையின் தொடக்கக் கால வரலாற்றை எந்தப் புத்தகத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் நள்ளிரவில் நாற்சந்தியில் பிசாசிடம் ஆன்மாவை விற்றுக் கிட்டார் வித்தையைப் பெற்ற கதை எங்கே விரிவாக இருக்கிறது என்றும் கேட்டாய். அந்தக் கதையைக் கொஞ்ச நாள் தள்ளி வை. ஒரு கலைஞன் விரல் நோகக் கற்றதையெல்லாம் பேயின் கணக்கில் எழுதிவிடும் கதை அது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

முதலில் எலிஜா வால்டின் ‘எஸ்கேப்பிங் த டெல்டா’வைப் படி. 2004-இல் வந்தது. டெல்டா என்பது ப்ளூஸின் தாயகமாகச் சொல்லப்படும், மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்குச் சமவெளி. ஜான்சன் 1936-லும் 1937-லும் டெக்சாஸில் பதிவுசெய்தவை மொத்தமே 29 பாடல்கள். வால்ட் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, யாருடைய இசைத்தட்டிலிருந்து ராபர்ட் ஜான்சன் என்ன கற்றார் என்று காட்டுகிறார். லீராய் கார், கோகோமோ ஆர்னால்ட், லோனி ஜான்சன் என்று நீளும் அந்த வரிசையைப் பார்த்தால், அவர் எவ்வளவு கூர்ந்து கேட்டவர் என்பது புரியும். 1938-இல் 27 வயதில் இறந்தபோது, கறுப்பின ரசிகர்களிலேயே பெரும்பாலோருக்கு அவரைத் தெரியாது. 1961-இல் அவருடைய பாடல்கள் தொகுப்பாக வெளிவந்த பிறகு, வெள்ளையின இளைஞர்கள்தான் அவரை அரியணையில் ஏற்றினார்கள்.

அப்படியானால் அன்று மக்கள் காசு கொடுத்து வாங்கிக் கேட்டது யாரை? பெண்களை. 1920 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் மேமி ஸ்மித் ‘கிரேஸி ப்ளூஸ்’ பாடிப் பதிவுசெய்தார். கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது அது விற்ற வேகத்தைப் பார்த்த பிறகுதான் கம்பெனிகளுக்கு உறைத்தது. 1923-இல் மா ரெய்னியும் பெஸ்ஸி ஸ்மித்தும் பதிவு செய்யத் தொடங்கினார்கள். தனியாகக் கிட்டார் மீட்டிப் பாடிய ஆண்களில் முதல் பெரிய நட்சத்திரமான பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் தட்டுகள் வந்தது 1926-இல்தான். இருந்தும் பல வரலாறுகளில் இந்தப் பெண்கள் சில பக்கங்களோடு முடிந்துவிடுகிறார்கள்.

அந்தக் குறையைத் தீர்க்க ஏஞ்சலா டேவிஸின் ‘ப்ளூஸ் லெகசீஸ் அண்ட் பிளாக் ஃபெமினிசம்’ இருக்கிறது. தேய்ந்த பழைய பதிவுகளைக் கேட்டு ரெய்னியும் பெஸ்ஸியும் பாடியவற்றை வரி வரியாக எழுத்தில் கொண்டுவந்து, நூலின் பின்பகுதியில் சேர்த்திருக்கிறார். அந்த வேலைக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். பாடல் ஓடும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள். கணவனின் அடி, சிறை, வறுமை, பெண்ணின் மீது பெண் கொள்ளும் காதல் என எதையும் அவர்கள் ஒளித்துப் பாடவில்லை.

அமிரி பராகா, லீராய் ஜோன்ஸ் என்ற பெயரில் 1963-இல் எழுதிய ‘ப்ளூஸ் பீப்பிள்’ அடிமை முறையிலிருந்து தொடங்குகிறது. ஒரு மக்களின் வாழ்நிலை மாறும்போதெல்லாம் அவர்களின் இசையும் மாறியது என்பது அவர் வாதம். இசையைவிடச் சமூகவியல் மிகுந்துவிட்டது என்று நாவலாசிரியர் ரால்ஃப் எலிசன் குறைப்பட்டார். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் தவறவிடாதே. பால் ஆலிவரின் ‘ப்ளூஸ் ஃபெல் திஸ் மார்னிங்’ பிறகு போதும்.

ப்ளூஸ் பாடல்களை எழுதி அச்சில் வெளியிட்ட இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டியின் சுயசரிதையில் ஒரு காட்சிக்காகக் காத்திரு. 1903 வாக்கில் மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் ரயில் நிலையம். தாமதமான ரயிலுக்காகக் காத்திருந்த ஹாண்டி கண்ணயர்ந்துவிடுகிறார். விழித்தால் பக்கத்தில் ஒருவர் கிட்டார் தந்திகளின்மேல் கத்தியை அழுத்திச் சறுக்கி வாசித்துக்கொண்டிருக்கிறார். கந்தல் உடை, கிழிந்த ஷூவுக்கு வெளியே தெரியும் கால். இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் ஊருக்குப் போவதாக ஒரே வரியை மூன்று முறை பாடுகிறார். ஹாண்டி இதை எழுதி வெளியிட்டது 1941-இல் என்பதையும் மறக்காமல் படி. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்கால நினைவு அது. அந்த மனிதரின் பெயர் அதில் இல்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

பெயர் விடுபடுவது அவரோடு நிற்கவில்லை. 1941 ஆகஸ்டில் டெல்டாவின் ஸ்டோவல் பண்ணையில் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸைப் பதிவுசெய்தவர் நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் என்றே எங்கும் படிப்பாய். கூடவே நின்றவர் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின இசையறிஞர் ஜான் வொர்க். அவரும் அவருடைய சகாக்கள் இருவரும் எழுதிய ஆய்வுகள் ‘லாஸ்ட் டெல்டா ஃபவுண்ட்’ என்ற நூலாக வெளிவந்தது 2005-இல்தான். கிளார்க்ஸ்டேல் ஊரின் கேளிக்கைக் கூடங்களில் இருந்த, காசு போட்டால் பாடும் ஜூக் பாக்ஸ்களில் என்னென்ன இசைத்தட்டுகள் இருந்தன என்று அவர்கள் எடுத்த பட்டியல் ஒன்று உண்டு. கவுண்ட் பேஸி, லூயி ஜோர்டன் என்று பெருநகர இசைக்குழுக்களின் பெயர்களாக வரும். டெல்டாவின் நட்டநடு ஊர் அது. ராபர்ட் ஜான்சனை அந்தப் பட்டியலில் தேடிப் பார்.

வால்டையும் டேவிஸையும் இந்த மாதமே வாங்கிவிடு. டெல்டாவிலிருந்து சிகாகோ வரை மடி வாட்டர்ஸைத் தொடர்ந்து செல்லும் ராபர்ட் பாமரின் ‘டீப் ப்ளூஸ்’ என்னிடம் இருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன். படித்ததும் எழுது, பெஸ்ஸியைப் பற்றி முதலில்.

அன்புடன்,
அக்கா