கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

மாதவிலக்கின் முதல் நாளில் வலி பொறுக்காமல் சுருண்டு படுத்திருந்ததாகவும், காலில் ஓரிடத்தை அழுத்தினால் வலி தணியும் என்று தோழி சொன்னதாகவும் எழுதி, அதை நம்பலாமா என்று கேட்டிருந்தாய். நம்பி அழுத்திப் பார். ஆனால் அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு அழுத்து.

சீன மருத்துவத்தில் அந்தப் புள்ளிக்குச் சான்யின்ஜியாவ் என்று பெயர். மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குரிய, உயிராற்றல் ஓடும் பாதைகளான மூன்று யின் நாளங்களும் அங்கே கூடுவதாகவும், அந்த ஓட்டம் தடைபடும் இடத்தில்தான் வலி பிறக்கிறது என்றும் அம்மருத்துவர்கள் கொள்கிறார்கள். உள் கணுக்கால் மேட்டின் உச்சியில் சுண்டுவிரலை வைத்து, நான்கு விரல்களையும் ஒட்டினாற்போல் மேல்நோக்கிப் படிய வை. ஆள்காட்டி விரல் முடியும் உயரத்தில், காலெலும்பின் பின்விளிம்பை ஒட்டித் தடவினால், அழுத்தியதும் கனத்த குடைச்சலாக உணரும் ஓரிடம் அகப்படும். உன் விரல்களால்தான் அளக்க வேண்டும், என் விரல்களால் அல்ல; ஒருவர் உடம்புக்கு அவர் கையே அளவுகோல் என்பது அந்த மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி. கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம், மூச்சைச் சீராக விட்டபடி, ஒவ்வொரு காலிலும் அழுத்து. தோல் கன்றிப்போகும் அளவுக்கு வேண்டாம்.

வலி குறைந்ததாகக் கூறும் ஆய்வுகள் உள்ளன, பெரும்பாலானவை சிறியவை. புள்ளியின் பலன் எது, கைபட்ட ஆறுதலின் பலன் எது என்று பிரித்தறிவதும் எளிதன்று. கருப்பையை இறுகச் சுருங்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் கொடுத்திருந்தால், அழுத்துவதற்காக அதை நிறுத்திவிடாதே. கருவுற்றிருக்கும் காலத்தில் இந்தப் புள்ளியையும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள ஹெகு புள்ளியையும் அழுத்தக் கூடாது என்பது சீன மருத்துவர்களே வகுத்த தடை. பிரசவ வலியைத் தூண்ட அவர்கள் கையாளும் புள்ளிகள் இவை. மசக்கைக் குமட்டலுக்கு மணிக்கட்டின் உட்புறத்தில் நெய்குவான் என்ற வேறு புள்ளி இருக்கிறது.

சீனாவை மிங் வம்சம் ஆண்ட காலத்தில் வாழ்ந்த தான் யுன்ஷியன் என்ற பெண் மருத்துவரைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும். 1461இல் பிறந்த அவருக்கு மருத்துவம் கற்பித்தவர் அவருடைய பாட்டி. தம் ஐம்பது வயதையொட்டி, 1511இல், தாம் கண்ட 31 நோயாளிகளின் வரலாறுகளை நூலாக எழுதினார். அத்தனை பேரும் பெண்கள். மாசிப்பத்திரி இனத்துச் செடியின் உலர்ந்த இலைப்பஞ்சைக் கொளுத்திப் புள்ளிகளில் சூடேற்றும் முறையை அவர் மிகுதியாகக் கையாண்டார். ஆண் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூசியவற்றை அந்தப் பெண்களால் அவரிடம் சொல்ல முடிந்தது. அவருடைய மருத்துவத்தில் பாதி அந்தச் செவிதான் என்று நான் நினைக்கிறேன்.

வலியை வாய்விட்டுச் சொல்வதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. நான் மூன்று ஆண்டுகள் இதே புள்ளியை அழுத்திக்கொண்டு, வலியை எவரிடமும் சொல்லாமல் இருந்தேன். சற்றுத் தணிந்ததால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொறுத்துக்கொள்ள முடிந்ததால் மருத்துவரிடம் போகவில்லை. கடைசியில் போனபோது எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள்; கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் அது. என் கைவிரல் செய்த குற்றம் ஒன்றுமில்லை. என் மௌனம்தான் நோயை வளரவிட்டது.

ஆகவே, வலி மாதாமாதம் கூடிக்கொண்டே போனாலோ, விலக்கில்லாத நாட்களிலும் இருந்தாலோ, மணிக்கொரு நாப்கின் மாற்றும் அளவுக்கு உதிரம் போனாலோ, மகப்பேறு மருத்துவரைப் பார். எந்தத் தேதியில், எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் வலித்தது என்று இப்போதே ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கு. அடுத்த விலக்குக்குப் பின் அதை எனக்குப் படித்துக் காட்டு. மருத்துவரிடம் போவதென்றால் உடன் நான் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா