பட்டப்பெயர் பற்றி வந்த புகாரும் நவம்பர் 14 அழைப்பும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் ஒரு தகப்பனார் என் அறைக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவர் மகன், வீட்டில் சாப்பிடும்போது ஆசிரியர் ஒருவரைப் பட்டப்பெயரால் குறிப்பிட்டுவிட்டானாம். "கொஞ்சம் கண்டிச்சு வைங்க டீச்சர்" என்றார். சரி என்றேன். "ஆமாம், உங்க கணக்கு வாத்தியாருக்கு நீங்க என்ன பேர் வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்துவிட்டார். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். வந்த விஷயம் இருவருக்குமே மறந்து போயிற்று.

அவர் போன பிறகுதான் இந்த யோசனை வந்தது. வரும் நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று, மதியம் கடைசி இரண்டு பீரியட் உங்களுக்கு. ஆளுக்கு ஐந்து நிமிடம். நீங்கள் படித்த காலத்தில் நடந்த ஒரு கூத்தை உங்கள் பிள்ளைகள் முன்னால் சொல்ல வேண்டும். கூப்பிடுகிற நானே முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் நியாயம்.

நான் பத்தாம் வகுப்பு முடித்தது 1989இல். சத்துணவில் முட்டை போட ஆரம்பித்ததும் அந்த வருடம்தான், இரண்டு வாரத்துக்கு ஒன்று. ப்ளஸ் ஒன்னுக்கு வந்துவிட்ட எங்களுக்குச் சத்துணவு கிடையாது, வாசனை மட்டும்தான். எங்கள் கெமிஸ்ட்ரி லேபுக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் நடுவே ஒரே சுவர். ஒரு முட்டை நாளன்று, வேதியியல் சார் கிப் உபகரணம் என்ற வாயு தயாரிக்கும் கண்ணாடிக் கருவியில் இரும்பு சல்ஃபைடைப் போட்டு அமிலத்தைத் திறந்துவிட்டார். ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆயா பதறிப்போனார். வேகவைக்க எடுத்த முட்டைகளை ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் போட்டார். கெட்டது மிதக்க வேண்டும். ஒன்றுகூட மிதக்கவில்லை, நாற்றமும் நிற்கவில்லை. எடுத்தார், மறுபடி போட்டார். அமைப்பாளர் வந்து மோந்து பார்த்தார். இதற்குள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டோடு வந்து வரிசை கட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டு சார் லேப் வாசலுக்கு வந்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அம்மா, முட்டை நல்லாத்தான் இருக்கு. வாயு என்னுடையது."

அன்று முதல் அவர் கூமுட்டை சார். அவருக்கும் தெரியும். ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், எங்கள் வகுப்புப் பையன் ஒருவனிடம் அந்த வாயுவின் மணம் என்ன என்று கேட்டார். பதற்றத்தில் அவன், "எங்க சார் வாசனை, சார்" என்றான். பக்கத்திலேயே நின்றிருந்த எங்கள் சார் கூரையைப் பார்த்தார்.

தமிழ் ஐயா வேறு ரகம். அவர் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டு, "நான் கடைக்குத் தள்ளிட்டுப் போறேன் ஐயா" என்று முன்வருவதே கடைசி பெஞ்ச்காரன் ஒருவனுக்கு வேலை. அதிலேயே ஒரு பீரியட் ஓடிவிடும். மூன்றாம் தடவை ஐயா வகுப்புக்குள்ளேயே பம்போடு வந்தார். காற்றைத் திருடியதால் கள்ளாமை அதிகாரம். பம்பை ஒரு தடவை அழுத்தினால் ஒரு சீர் சொல்ல வேண்டும். குறளுக்கு ஏழு சீர், பத்துக் குறளுக்கு எழுபது அழுத்து. எட்டாவது குறளிலேயே டயர் கல் மாதிரி ஆகிவிட்டது. "பரவாயில்லை, முன் சக்கரத்துக்கு மாத்து" என்றார் ஐயா. அவரிடம் நாங்கள் கண்ட அடி குறளடியும் பம்பு அடியும்தான். அந்த அதிகாரம் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை, பம்பு அடிக்காத எனக்கே.

இதெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மறைப்பது சரியில்லை. எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு அவள் நிறத்தை வைத்து ஒரு பெயர் வைத்தோம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவள் சிரித்ததே இல்லை. எத்தனையோ வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, நான் அவள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "பரவாயில்லையே, தெரிஞ்சிருக்கே" என்றாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே நிறம், உடம்பு, சாதி தொட்ட வேடிக்கைகள் இந்த மேடைக்கு வேண்டாம்.

வேறு சில சில்லறை நிபந்தனைகள். மார்க் பெருமை கூடாது. 'எட்டு மைல் நடந்தே போனோம்' கூடாது. பிரம்படியைப் பெருமையாகச் சொல்வதும் வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுப்பில் அடிப்பதைத் தடை செய்திருக்கிறது, எங்கள் ஆசிரியர்களை வீணாக ஏங்க வைக்காதீர்கள். உங்கள் வாத்தியார் இதே ஊரில் இருந்தால் பெயரை விட்டுவிட்டுக் கதையை மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே கையோடு அழைத்து வாருங்கள்.

புகார் கொண்டுவந்த தகப்பனார் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார். அவர் மகனுக்கு இன்னும் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். எனக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயரும் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதுவதாக இல்லை.

வருகிறவர்கள் கீழே உள்ள துண்டுச் சீட்டை நிரப்பி, வகுப்பாசிரியரிடம் 10ஆம் தேதிக்குள் கொடுத்தனுப்புங்கள். டீயும் சுண்டலும் உண்டு. சைக்கிளில் வருபவர்கள் கவலைப்பட வேண்டாம், பம்பு என் அறையில் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்