கொண்டைக்காரியின் உயிர்க்கோடு

பாளையங்கோட்டை
ஞாயிறு, ராத்திரி பத்தரை மணி

ஏட்டி செல்வி,

நீ, அண்ணன், பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் வந்த இரண்டு நாளும் பம்பாயிலிருந்து மணிக்கொரு தரம் கூப்பிட்டு விசாரித்தவள் நீ. அதற்கப்புறம் நான் உன்னை ஒழுங்காக ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அது என் மனதை அறுத்துக்கொண்டேதான் இருக்கிறது. திட்டுவதை எல்லாம் நேரில் வரும்போது திட்டு. இப்போது நான் சொல்வதைக் கேள்.

மதி கம்பைத் தூக்கி மச்சில் போட்டுவிட்டாள்.

ஆறு வருஷமாகச் சிலம்பம் கற்கிற பிள்ளை. எட்டு வயதில் தன்னைவிட உயரமான கம்பைச் சுற்றி எங்கள் வாசல் டியூப்லைட்டை உடைத்தாளே, நீகூட அன்றைக்கு ஊரில் இருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி. காலை ஏழு மணிக்கே போய் உட்கார்ந்தோம். பையன்கள் ஆட்டம் முடிய மதியம் மூன்றாகிவிட்டது. பெண்பிள்ளைகளுக்கு அதுவரை ஒதுங்க நிழல் இல்லை. அப்புறம் மைக்கில் சொல்கிறார்கள், நேரமாகிவிட்டதால் பெண்பிள்ளைகளின் கம்புச் சண்டை பாதி நேரம்தானாம்.

மதி நேராகப் போய் மேஜைக்கு முன்னால் நின்றாள். "எங்களுக்கு மட்டும் ஏன் சார் பாதி?" அங்கே இருந்தவர் கோபப்படவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னார். "பொம்பளப் பிள்ளைங்கல்லா, வெயில்ல சோந்து போயிருவீங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதோம்." அதே வெயிலில்தான் காலையிலிருந்து எட்டு மணி நேரம் அந்தப் பிள்ளைகள் காத்துக் கிடந்தார்கள்.

மதி தோற்றாள். அவள் ஆடும் விதம் உனக்குத் தெரியாது. முதலில் அடிக்க மாட்டாள். எதிரில் நிற்பவளின் கை எப்படிப் போகிறது, கால் எங்கே மாறுகிறது என்று பின்வாங்கிப் பின்வாங்கிப் பார்ப்பாள். பிடிபட்டதும் உள்ளே போவாள். பாதி நேரத்தில் பார்த்து முடிக்கவும் விசில் ஊதவும் சரியாக இருந்தது. இரண்டே புள்ளி. பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. சமாதானபுரத்தில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் கம்பு மச்சுக்குப் போய்விட்டது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் எனக்கு நாம் மாமா கடை வீடியோ கேமில் ஆடின கொண்டைக்காரி ஞாபகம் வந்தாள். எத்தனை வருஷம் ஆகிவிட்டது, செல்வி! 1994, பத்தாவது பரீட்சை முடிந்த லீவு. பீடிக் கடையில் பீடியைக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு, சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி ஜங்ஷனுக்கு ஓடுவோம். மாமா கடையில் மத்தியானம் கூட்டம் இருக்காது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மெஷினைத் திறந்து உள்ளே கையை விட்டு ஏதோ அமுக்குவார். காசு போடாமலே ஆட்டம் வந்துவிடும். சாயங்காலம் பையன்கள் ஒரு ரூபாய்க்கு வரிசையில் நின்று, அதில் வருகிற ஒரு அடியின் பெயரை "ஆடுகன், ஆடுகன்" என்று கத்துகிற அதே மெஷின் மத்தியானம் ஒரு மணி நேரம் நமக்கு.

திரையில் சண்டைக்கு எட்டுப் பேர் நின்றார்கள். ஏழு பேர் ஆம்பிளைகள். ஒருத்தி மட்டும் நீலச் சட்டை, வெள்ளை பூட்ஸ், இரண்டு பக்கமும் கொண்டை. இரண்டு பேர் ஆடும்போது ஒரே ஆளை இருவரும் எடுக்க முடியாது என்பதால் நமக்குள் நடந்த சண்டையைத் திரையில் நடந்த சண்டை எட்டாது. முந்தின ஆட்டத்தில் தோற்றவள் தாடிக்கார ரஷ்யரை எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டதே நீதான். மண்டையோட்டு மாலை போட்டு ரப்பர் மாதிரி கையை நீட்டுகிற நம் நாட்டுக்காரரை மட்டும் நீ தொடவே மாட்டாய். "எந்த ஊர்லட்டி நாம இப்பிடி இருக்கோம்" என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் உனக்குக் கோபம் வரும்.

அவளுடைய மின்னல் உதைக்கு ஒரே பொத்தானை விடாமல் தட்ட வேண்டும் அல்லவா? எனக்குப் பத்து தடவைக்கு மூன்று தடவை வரும். உனக்குத் தவறவே தவறாது. மாமா ஆச்சரியப்படுவார். எனக்குத் தெரியும், அது சொளவை மடியில் வைத்துத் தினமும் ஆயிரம் பீடி சுற்றின விரல். தலைகீழாகச் சுழன்று காலை விரித்து அடிக்கிற அடி மட்டும் எனக்குத்தான் நன்றாக வரும். ஆளை நகர்த்துகிற அந்தக் கம்பியை, ஜாய்ஸ்டிக்கை, கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அடி வாங்கினாலும் கையை எடுக்கக் கூடாது. நேரம் கனிந்ததும் மேலே தள்ளி உதைக்க வேண்டும். மதி கம்பை வைத்துக்கொண்டு பின்வாங்கும்போது இத்தனை நாள் எனக்கு எது ஞாபகம் வந்தும் வராமலும் இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

மறுநாள் இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீயா? வீடியோ கேமா?" அப்புறம் போனில் தேட ஆரம்பித்தாள். நமக்கு முப்பது வருஷமாகத் தெரியாத விஷயங்கள் எல்லாம் வந்தன. அவள் பெயர் சுன்-லீ. சீன மொழியில் சுன் என்றால் வசந்தம், லீ என்றால் அழகு. இன்டர்போல் போலீஸ்காரி. ஜப்பானில் ஒசாகாவில் இருக்கும் கேப்காம் கம்பெனி 1991இல் கொண்டுவந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' அது. 1987இல் வந்த முதல் பாகத்தில் சண்டை போடுகிறவர்களில் ஒரு பெண்கூடக் கிடையாது. அவளை வரைந்தவர் அகிரா யசுதா. இன்னொன்று கேள். அந்த விளையாட்டுக்கு முக்கால்வாசி இசை போட்டது யோகோ ஷிமோமுரா என்ற பெண். இசைக் கல்லூரியில் படித்துவிட்டு 1988இல் அந்தக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர். கொண்டைக்காரி தெருவில் சைக்கிள்கள் போய்க்கொண்டிருக்க ஒரு மெட்டு வருமே, அதை நீ பீடிக்கு நூல் கட்டும்போது முணுமுணுத்து உங்கள் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயே. அது ஒரு பெண் போட்ட மெட்டு என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் நீ சும்மா இருந்திருப்பாயா!

அவளுக்கு முன்னால் பெண்களே இல்லை என்று சொல்ல முடியாது. 1985இல் கோனாமி கம்பெனியின் ஒரு குங்ஃபூ விளையாட்டில் பெண்கள் உண்டு. ஆனால் அவர்கள் எதிரிகள், நாம் எடுத்து ஆட முடியாது. பெண்ணை எடுத்து ஆடுகிறது மாதிரி ஒன்றிரண்டும் வந்திருக்கிறது. ஆனாலும் ஊர் ஊராக, கடை கடையாகப் போய் நின்றவள் இவள்தான். அடுத்த வருஷமே 'மார்ட்டல் காம்பாட்' என்ற இன்னொரு சண்டை விளையாட்டில் சோன்யா வந்தாள், 1993இல் இதே ஸ்ட்ரீட் ஃபைட்டரில் கேமி வந்தாள். பெண் இல்லாத சண்டை விளையாட்டு என்பது அப்புறம் அதிசயமாகிவிட்டது. 2023இல் வந்த ஆறாம் பாகத்திலும் இவள் நிற்கிறாள், அதே கொண்டையோடு.

இனிமேல் சொல்வதுதான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது. விளையாட்டை உருவாக்கும்போது அந்தக் குழுவில் ஒருவர், அடி வாங்க வாங்கக் குறைகிற உயிர்க்கோட்டை இவளுக்கு மட்டும் மற்றவர்களுடையதைவிடக் குட்டையாக வைக்கலாம் என்று நினைத்திருக்கிறார். பெண்ணுக்குப் பலம் குறைவு என்பதால். கூட இருந்த இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் திரைக்கு மேலே இரண்டு பக்கமும் ஓடுகிற அந்த மஞ்சள் கோடு அவளுக்கும் அதே நீளத்தில் வந்தது.

மதி இதை வாய்விட்டுப் படித்தாள். படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, செல்வி. அந்தக் கோட்டை நாம் எத்தனை நாள் பார்த்திருக்கிறோம். அது அவளுக்குக் குட்டையாக இருந்திருந்தால் நாம் என்ன நினைத்திருப்போம்? ஒன்றுமே நினைத்திருக்க மாட்டோம். பொம்பளை, அதனால் குட்டை என்று அதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு போயிருப்போம். பதினைந்து வயது நமக்கு. இப்போது மதிக்குப் பதினான்கு. அந்த மேஜையில் இருந்தவர் என் பிள்ளைக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஒரே ஒரு தடவை நாம் கடைசிவரை போனோமே, ஞாபகம் இருக்கிறதா? சிவப்புச் சட்டை, தொப்பிக்காரனை நீ விழுத்தினாய். கொண்டைக்காரியின் அப்பாவைக் கொன்றவன் அவன் என்று நமக்கு அதுவரை தெரியாது. அவள் அப்பா கல்லறைக்கு முன்னால் போய் நின்றாள். என் அப்பா இறந்து அப்போது எட்டு மாதம். நீ திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாய். மாமாகூட ஷட்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நாம் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் யாரோ பார்த்துவிட்டு எங்கள் அண்ணனிடம் சொன்னது. வீட்டில் அடிகூட இல்லை, "இனிமே அங்கன போவாத" என்று ஒரே வார்த்தை. நான் ஏன் என்று கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. மதி கேட்டாள். மைக்கும் மேஜையும் இருக்கிற இடத்தில் போய் நின்று கேட்டாள். கேட்டவளுக்கு அந்தப் பதில் கிடைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

வீட்டில் அவுக, "விடு, அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்கிறார்கள். அம்மா, "வயசுக்கு வந்த பிள்ளை, அதுவா நிறுத்துனா நல்லதுதானட்டி" என்கிறாள். அம்மா சொன்னதைக் கேட்டு அடுக்களையில் நின்று அழுதேன். பாட்டி சொன்னது மதி காதிலும் விழுந்தது.

புதன்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு சிந்துபூந்துறைக்குப் போய் மாமாவைப் பார்த்தேன். உன்னை ரொம்பக் கேட்டார். கடையை மூடிய பிறகும் அந்த மெஷினை வீட்டுப் பின்கட்டில் வைத்திருந்தார் அல்லவா? வெள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்று பலகை ஊறி உப்பி, தொட்டால் உதிர்கிற மாதிரி ஆகிவிட்டதாம். பழைய இரும்புக்காரனிடம் கொடுக்குமுன் கம்பியின் மேல் இருந்த சிவப்புக் குண்டை மட்டும் கழற்றி வைத்திருக்கிறார். மதியிடம் காட்டி, "உங்கம்மா பொறுமையா ஆடுவா, அவ சேக்காளி பேய் மாதிரி ஆடுவா" என்றார். பிள்ளை முகத்தில் நான்கு நாளைக்கு அப்புறம் சிரிப்பைப் பார்த்தேன்.

நேற்று ஒரு வீடியோ காட்டினாள். 2004இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஈவோ என்ற வீடியோ கேம் போட்டி. ஜஸ்டின் வாங் என்பவர் கொண்டைக்காரியை எடுத்திருக்கிறார், டைகோ உமெஹாரா என்ற ஜப்பான்காரர் கென் என்ற ஆளை. கென்னுக்கு உயிர் ஒரு மயிரிழை. கொண்டைக்காரி உதைகளைச் சரம் சரமாக விடுகிறாள், தாங்கிப் பிடித்தாலே செத்துப்போவான். அவர் ஒவ்வொரு உதைக்கும் சரியான நேரத்தில் கம்பியை முன்னால் தட்டித் தட்டி, அத்தனையையும் தடுத்து, திருப்பி அடித்து ஜெயித்துவிட்டார். கூட்டம் கூரை இடிகிற மாதிரி கத்துகிறது. நம் ஆள் தோற்றுவிட்டாளே என்று எனக்கு வருத்தம். மதி சொல்கிறாள், "தோத்தா என்னம்மா, அவள முழுசா ஆட விட்டாங்கல்லா."

இன்னும் கம்பு மச்சில்தான் இருக்கிறது. எடு என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அன்றைக்கு வந்திருந்த பிள்ளைகளின் அம்மாமார் ஏழு பேரிடம் பேசிவிட்டேன். அடுத்த போட்டியில் பெண்பிள்ளைகளுக்கும் அதே நேரம், ஒரு நாள் அவர்களுக்கு முதல் ஆட்டம், உட்கார நிழல். இவ்வளவுதான் கேட்கிறோம். வாத்தியாரும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். மனுவை நான்தான் எழுதினேன், இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு அது அழுகிற மாதிரி இருக்கிறது. பீடிக் கூலிக்காக உங்கள் தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்தவள் நீ. உயிர்க்கோடு விஷயத்தை அதில் எழுதலாமா வேண்டாமா என்றும் நீதான் சொல்ல வேண்டும். எழுத வேண்டும் என்கிறாள் மதி.

அல்வா அரைக் கிலோ, அண்ணனுக்கு மிக்சர், மாமா உனக்கென்று கொடுத்த சிவப்புக் குண்டு, மூன்றும் இதே பார்சலில் இருக்கின்றன. குண்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதே. வந்ததும் மனுவைத் திருத்திப் படம் எடுத்து அனுப்பு. நாளைக்கு இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் எட்டுப் பேரும் போகிறோம்.

உன்
முத்து