காசல்ரீக் கரையிலிருந்து ஒரு கடிதம்

அன்பின் ராஜு,

நலம். உன் நலத்தையும் வீட்டார் நலத்தையும் அறிய ஆவல். அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு நான் வராமற்போனதை நீ மனத்தில் வைத்திருப்பாய் என்று தெரியும், வைத்திருப்பது நியாயமும்கூட. முழங்கால் வலியைக் காரணம் சொல்லி இன்னொரு முறை உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மனமில்லை. வைகாசியில் நேரில் வருகிறேன். கணக்கப்பிள்ளை வீட்டுச் சின்னவளுக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டது. அழைப்பிதழ் உனக்குத் தனியாக வரும்.

ஓர் ஆண்டு மௌனத்துக்குப் பிறகு இன்று நான் பேனாவை எடுத்ததற்குக் காரணம் ஒரு பறவைக் கூடு. சிரிக்காமல் முழுவதையும் படி.

நம் பழைய லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஒரு கை மலைக்குள் புகுந்து நாணற்புதரில் முடிகிற இடம் உனக்கு நினைவிருக்கும். மாசி முதல் வாரத்தில் அங்கே ஒரு சோடி முக்குளிப்பான்கள் கூடு கட்டியிருப்பதைக் கண்டேன். உங்கள் வவுனியாக் குளங்களில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் கூட்டங்கூட்டமாக நிற்பதைச் சொல்லிச் சொல்லி நீ என்னைப் பொறாமைப்பட வைத்திருக்கிறாய். 3,500 அடிக்கு மேலே, கரை செங்குத்தாக இறங்கும் இந்தக் குளிர்ந்த ஆழநீரில் எங்களுக்கு அத்தனை செல்வம் கிடையாது. சிறிய நீர்க்காகம், மடையான், கானாங்கோழி, மீன்கொத்தி, புரட்டாசி வாக்கில் வந்து ஓடைக்கற்களில் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்துவிட்டு வெயில் ஏறும்போது வடக்கே இமயத்துப் பக்கம் திரும்பிப்போகும் சாம்பல் வாலாட்டி என்று ஒரு சிலவே. அதனால்தான் ஒரு சாணுக்குச் சற்றே நீளமான இந்த உருண்டைப் பறவை எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

அதன் கூடு கரையிலும் இல்லை, மரத்திலும் இல்லை; அழுகிய நாணலையும் நீர்ப்பாசியையும் குவித்து, தண்ணீரின் மேலேயே மிதக்கவிட்டு, விழுந்து கிடந்த ஒரு கிளையோடு சிக்கவைத்திருந்தன. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தன. நான் சற்று நெருங்கினால், அடைகாத்த பறவை உடனே ஓடிவிடாமல், அலகால் படபடவென்று பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டு, ஓசையே இல்லாமல் தண்ணீருக்குள் வழுக்கி, நான் நினையாத ஓரிடத்தில் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். மூடிய பின் அது கூடு என்றே தெரியாது, மிதக்கும் குப்பை என்றுதான் எவரும் நினைப்பார். நான்கு முட்டைகள். இட்டபோது வெள்ளையாக இருந்தவை, ஈரப்பாசியின் கறை ஏறி ஒரு வாரத்தில் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டன. குஞ்சு பொரிக்க ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். பொரித்ததும் அவை தாய் தகப்பன் முதுகில் ஏறிச் சவாரி செய்வதை என் பேரனுக்குக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

இனித்தான் விஷயம். மழை இந்த ஆண்டும் பங்குனிவரை ஏமாற்றிவிட்டது. கெசல்கமு ஓயா கற்களுக்கிடையில் நூலாக ஓடுகிறது. ஆனால் மாலை ஆறு மணிக்கு நாடெங்கும் விளக்குப் போட்டாக வேண்டும். 1965 முதல் இந்த அணைநீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு இறங்கி, அங்கிருந்து நோட்டன் குட்டையில் தேங்கி, லக்சபான மின்நிலையத்துக்குப் போய் மறுபடி சுழலிகளைச் சுழற்றுகிறது. உள்ளே வருவது குறைந்து வெளியே போவது குறையாதபோது நீர்மட்டம் இறங்காமல் என்ன செய்யும்? நான் சேற்றில் குச்சிகளை நட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் ஒரு குச்சி கரையில் நின்றது.

தண்ணீர் ஏறினால் அந்தக் கூடும் கொஞ்சம் ஏறும். அதற்காகத்தான் அதை மிதக்கக் கட்டுகிறது. இறங்கும்போதுதான் வினை. பிடித்துவைத்த கிளை இறங்குவதில்லை. பதினோராம் நாள் கூடு ஒரு பக்கம் சாய்ந்தது. பதினான்காம் நாள் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீருக்கும் அதற்கும் நடுவே இருபதடிச் சேறு. முக்குளிப்பானுக்குக் கால்கள் உடலின் பின்முனையில் இருக்கின்றன. நீருக்குள் துடுப்பாக உதைக்கும் அந்தக் கால்கள் தரையில் அதைத் தாங்குவதில்லை. நெஞ்சைச் சேற்றில் தேய்த்துக்கொண்டு, விழுந்து எழுந்து, அது முட்டைகளிடம் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்தேன். ராஜு, ஒரு தாய்ப்பறவை நடக்கத் தெரியாமல் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எளிதான காரியமில்லை.

லயத்துப் பையன்கள் மூன்று பேர் என்னோடு வந்திருந்தார்கள். கூட்டை அப்படியே ஒரு தகரத்தில் ஏந்தித் தண்ணீரில் விட்டுவிடலாம் என்றார்கள். நான்தான் தடுத்தேன். கூடு கைபட்டால் கலைந்துவிடும், இடம் மாறினால் பறவை கைவிட்டுவிடும் என்று சொன்னேன். உறுதியாகத்தான் சொன்னேன். மறுநாள் விடியலில் போனபோது ஓடுகள் மட்டும் கிடந்தன. சேற்றில் கீரியின் காலடிகள். இளையவன் என் முகத்தைப் பார்த்தானே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முதல் அந்தத் தீர்ப்புச் சரியா என்று எனக்கு நிம்மதியில்லை. குளத்தோடே நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தவன் நீ, உண்மையைச் சொல்.

உங்கள் குளத்திலும் நீர் வற்றத்தான் செய்கிறது. ஆனால் அது வயலுக்குப் பாய்ந்தும் வெயிலில் காய்ந்தும் மெல்ல வற்றும். பறவைக்கு அதன் போக்குத் தெரியும். இங்கே நீர்மட்டம் மழையை மட்டும் கேட்டு நடப்பதில்லை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கும் வருடங்களில் பழைய மஸ்கெலியாக் கோவில் வெளியே தெரியும்போதெல்லாம், நீரடியில் போன தன் கடை வாசலை உன் பெரியப்பா விரலால் காட்டுவாரே, அது இந்த நாட்களில் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் மனிதன் நானில்லை. அந்தப் பையன்கள் படிப்பதும் அதே விளக்கில்தான். ஆயினும் கரையோர நாணலை வெட்டாமலும் களைநாசினி தெளிக்காமலும் விட்டுவைக்கலாம். நீரின் விளிம்புவரை தேயிலை வரிசை இறங்க வேண்டியதில்லை. இதைத் தோட்டத்தில் சொன்னேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான். மனு எழுதுவதில் நீ சூரன் என்பதால் இதற்கும் உன் கை வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. எட்டு நாள் கழித்து, விடியலில் அந்தச் சோடியின் குரல் மறுபடி கேட்டது. குதிரை கனைப்பதைப் போல் ஒன்று தொடங்க மற்றது சேர்ந்துகொள்ளும் அந்த நீண்ட சிலிர்ப்பொலி. இம்முறை சற்று ஆழத்தில், பாதி சாய்ந்து நிற்கும் டர்பன்டைன் மரத்தடியில் பாசி சுமக்கின்றன. மழை வருவதற்கு இன்னும் நாளிருக்கிறது, தண்ணீர் இன்னும் இறங்கும்.

வட அமெரிக்காவில் நீர்மட்டம் ஏறி இறங்கும் தேக்கங்களில் லூன் என்ற முக்குளிக்கும் பறவைக்காக மிதவைகள் கட்டி விடுகிறார்கள். மிதவையின் மேல் செடிகொடியைப் பரப்பி, நீளமான கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவார்கள். கயிறு தளர்வாக இருப்பதால் தண்ணீரோடு மிதவையும் ஏறி இறங்கும். நம் முக்குளிப்பானுக்கும் மூங்கிலில் ஒன்று கட்டிப் பார்க்கலாம் என்று அந்த இளையவனே சொன்னான். மூங்கில் வெட்டியாகிவிட்டது. பறவை அதை ஏற்குமா என்பது அதன் விருப்பம். ஆனால் எந்த முடிச்சு நீரில் ஊறி இறுகாது, கயிறு ஆழத்தைப் போல் எத்தனை மடங்கு இருக்க வேண்டும், உங்கள் குளத்தில் முக்குளிப்பான் எந்தச் செடியைத் தேடிச் சுமக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வவுனியாவுக்கு லொறியேறிப் போவதற்கு முந்தின வருடம், 1976இல், நீ கட்டிய வாழைத்தண்டுத் தெப்பத்தை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்கமாட்டாய். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

இந்த வாரத்துக்குள் பதில் போடு. தபால் தாமதமானால் இரவு எட்டு மணிக்கு மேல் அழை. அப்போதுதான் பையன்கள் மூவரும் என் வீட்டில் இருப்பார்கள். முடிச்சை நீயே அவர்களுக்குச் சொல்லிக் கொடு.

உன்
செல்வம்