கன்றுக்கு முன்னால் மண் வேண்டும்: ஆயா மரம் நடுவது குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக ஒரு விவசாயி,
அவினாசி வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.

பொருள்: குளத்தோரமும் வண்டிப்பாதையிலும் ஆயா மரக்கன்று நடுமுன் குழி மண்ணைப் பண்படுத்தித் தரவும், நட்டபின் மூன்று வருடம் அந்த மண்ணைப் பராமரிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மரக்கன்று கேட்டு மனுக் கொடுப்பவர்கள் பலர் வருவார்கள். நாங்கள் இப்போதைக்குக் கன்று வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறோம். முதலில் குழிக்கு நல்ல மண் வேண்டும். கன்று ஐப்பசியில் வந்தால் போதும்.

எங்கள் குளத்துக்கு அருகில் ஆயா மரம் ஒன்று நிற்கிறது. எங்கள் அப்பாரு சிறுவனாக இருந்தபோதே அது பெரிய மரமாம். பெயரைச் சொன்னால் பிள்ளைகள் பாட்டியை நினைத்துச் சிரிக்கும். சில ஊர்களில் ஆவி மரம் என்பார்கள். மேலை நாடுகளில் எல்ம் என்று சொல்கிறார்களே, அந்த மரங்களின் குடும்பம்தான் இதுவும். இலையைக் கசக்கினால் ஒரு மாதிரி வாடை அடிக்கும். ஆனாலும் ஆடு விடாது. இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும், அப்புறம் சித்திரையில் வட்டச் சிறகு வைத்த காய்கள் பழுத்துக் காற்றில் ஊரெல்லாம் பறக்கும். அந்த ஒரு மரத்து நிழலில்தான் மேய்ச்சலுக்குப் போகிறவர்கள் மதியம் உட்காருகிறார்கள். இன்னும் கொஞ்சம் மரம் வேண்டும் என்று நாங்கள்தான் கேட்டோம், கன்றும் வந்தது.

வந்த விதம்தான் வருத்தம். இரண்டு வருடத்துக்கு முன் ஜூன் 5, சுற்றுச்சூழல் நாள் அன்று, மண் துளைக்கும் இயந்திரத்தை வைத்து ஓர் அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வரிசையாகத் துளை போட்டார்கள். கன்றை இறக்கினார்கள். மேலே மக்காத பச்சைத் தென்னை நார்த்தூளைக் கொட்டினார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வேலை எடுத்தவர் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை; அவர்மீது நடவடிக்கை கேட்டு இந்த மனு இல்லை. ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கம் பிறந்தவர்களுக்குத் தெரியும். மழை மலைக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும், வெறும் காற்று மட்டும் இங்கே வரும். கார்த்திகைக்குள் பாதிக்கு மேல் குச்சியாகிவிட்டது.

ஊர்க்காரர்கள் நாங்கள் தண்ணீர் ஊற்றவில்லை என்று நட்டவர்கள் சொன்னார்கள். ஊற்றினோம். காய்ந்த கன்றைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வேர், பாக்கெட்டில் இருந்த அதே சுருளாக இருந்தது. துளையின் சுவரைத் தாண்டவே இல்லை. எங்கள் ஊரில் மேலே ஓர் அடி, ஒன்றரை அடிதான் செம்மண். அதற்குக் கீழே வெள்ளையாகச் சுக்காங்கல் என்னும் சுண்ணாம்புக் கல் படை. இயந்திரம் அந்தச் சுண்ணாம்பை வாரி மேலே போட்டது, நல்ல மண் அடியில் போனது. சுவரும் வழவழப்பாக இறுகிவிட்டது. தப்பிப் பிழைத்த கன்றுகளிலும் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. மண்ணில் இரும்புச்சத்து இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதை வேரால் எடுக்க முடிவதில்லை. மக்காத நார்த்தூள் வேறு, தான் மக்குவதற்காகப் பக்கத்து மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். இதைத் தென்னை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எனவே நாங்கள் கேட்பது இது. குழி மூன்று அடிக்கு மூன்று அடி, ஆழமும் மூன்று அடி, ஆளை வைத்து வெட்ட வேண்டும். மேல்மண்ணைத் தனியாக ஒரு பக்கம், அடிமண்ணை இன்னொரு பக்கம் போட வேண்டும். அடியில் இருக்கும் சுக்காங்கல் படையைக் கடப்பாரையால் உடைத்துவிட்டு, குழியில் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். மறுநாள் காலையிலும் தண்ணீர் தேங்கி நின்றால் இன்னும் உடைக்க வேண்டும். ஆயா நல்ல ஈரம் விரும்பும், ஆனால் தண்ணீர் தேங்கிய மண்ணில் எந்த இளவேரும் அழுகும். அப்புறம் இரண்டு மூன்று வாரம் குழி வெயிலில் காய வேண்டும். நிரப்பும்போது மேல்மண் இரண்டு பங்கு, குளத்து வண்டல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு, கரையானுக்காகக் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. தோண்டிய சுண்ணாம்புக் கல் குழிக்குள் திரும்பக் கூடாது. மண் அமுங்கும் என்பதால் அரை அடி மேடாக நிரப்பினால் சரியாக இருக்கும்.

கணக்கும் போட்டுப் பார்த்தோம். ஒரு குழி 27 கன அடி. அதில் கால் பங்கு வண்டல் என்றால் 100 குழிக்கு 675 கன அடி, அதாவது 100 கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் ஏழு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இது பெரிய அளவே இல்லை. ஏரி, குளங்களில் வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024இல் வழி செய்யப்பட்டிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட, குளங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் கொண்டுவரும் அத்திக்கடவு – அவினாசித் திட்டத்தின் 1,045 குளம் குட்டைகளில் எங்களுடையதும் ஒன்று. தண்ணீர் வந்ததில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நிறைந்த குளத்தில் வண்டல் எடுக்க முடியாது. தண்ணீர் இறங்கி நிற்கும் இந்தச் சித்திரை, வைகாசியை விட்டால் வாய்ப்பு இல்லை. அனுமதி மட்டும் சீக்கிரம் வேண்டும். எருவுக்கு அரசு செலவு செய்ய வேண்டாம். செம்மறிப் பட்டி எருவு, மாட்டுச் சாண எருவு இரண்டையும் ஊரிலேயே சேர்த்துத் தருகிறோம்.

குளக்கரையையே தோண்டச் சொல்லவில்லை. கரை பலவீனப்படக் கூடாது. வெளிப்பக்கம் அடிவாரத்தில் இருந்து தள்ளித்தான் குழி வர வேண்டும். பள்ளிக்கூடச் சுவரோரமும் ஆயா வேண்டாம். அதன் பூந்துகள் சிலருக்குத் தும்மலும் மூச்சு இழுப்பும் தரும். வேலை தொடங்குமுன் நான்கைந்து இடத்தில் மண் எடுத்து வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பார்த்துவிட்டால் நல்லது. கார அமில நிலை 8.5-க்கு மேல் போகிற இடத்தில் ஆயாவைக் கட்டாயப்படுத்தாமல் வேம்போ புங்கனோ வைக்கலாம். எல்லாமே ஒரே மரமாக இருப்பதும் சரியில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தெருத்தெருவாக எல்ம் மட்டுமே வைத்து, வண்டு பரப்பிய பூஞ்சை நோயில் போன நூற்றாண்டில் கோடிக்கணக்கில் இழந்தார்கள்.

நட்டபின் தண்ணீருக்கு எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஆகாது. அது சப்பைத் தண்ணீர். இரண்டு கோடையில் பாத்தியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். குளத்துத் தண்ணீரை டிராக்டர் டேங்கரில் எடுத்து ஊற்ற அனுமதி வேண்டும். பாத்தியில் தென்னை மட்டையும் கரும்புச் சோகையும் மூடாக்குப் போடுவோம். தண்டில் இருந்து ஒரு சாண் தள்ளித்தான். மரத்தடி இலையைக் கூட்டித் தீ வைப்பதை நிறுத்தச் சொல்லி ஊராட்சிக்கு ஒரு வரி எழுதினால் போதும், அந்த இலையே மண்ணுக்கு எருவாகும். திருவிழா நாளில் வண்டிகளைக் கன்று வரிசையில் நிறுத்தி மண்ணை மிதித்து இறுக்குவதையும் தடுக்க வேண்டும்.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கியபோது 33 சதவீதப் பசுமைப் பரப்பு என்று இலக்கு வைத்தார்கள். எங்கள் ஊரில் நட்ட கன்று கணக்கில் ஏறியது. காய்ந்த கன்று எந்தக் கணக்கிலும் இல்லை. எனவே குழி வெட்டு, வண்டல், மூடாக்கு, மூன்று வருடத் தண்ணீர் ஆகியவற்றுக்கும் சேர்த்தே மதிப்பீடு போட்டு, கன்றின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் பரவாயில்லை, நூறு கன்றாவது ஒழுங்காக நிற்க உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். குழி வெட்டும் நாளை முன்கூட்டிச் சொன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நிற்போம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக,
தங்கள் உண்மையுள்ள
ஒரு விவசாயி

இணைப்பு: பொதுமக்கள் கையெழுத்துத் தாள், காய்ந்த கன்றுகளின் வேர்ப் படங்கள்.